ஆகாமி நீங்கலாக

மாணிக்கம் ஃப்ளாட்ஸில் முதலில் வராமல் போனது புளிப்பு. ராத்திரி ஆட்டி மூடி வைத்த மாவு விடிந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி, ஒரு குமிழ்கூட இல்லாமல் குண்டானில் கிடந்தது. கீழ்வீட்டுப் பெண்கள் உளுந்தைக் குறை சொன்னார்கள், முதல் மாடிப் பெண்கள் உப்பைக் குறை சொன்னார்கள், இரண்டாம் மாடிக்காரர்கள் குழாய்த் தண்ணீரைக் குறை சொன்னார்கள், மூன்றாம் மாடிக்காரர்கள் மருமகளைக் குறை சொன்னார்கள், பக்கத்து வீட்டிலும் அப்படித்தானா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, மாவு பொங்காத வீடு என்று பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசை. அப்புறம் பால் உறையவில்லை. மொட்டை மாடித் தொட்டியில் மல்லி மொட்டு மொட்டாகவே நின்றது. பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் வரவில்லை. ஆண்கள் சவரம் செய்த முகத்தோடு படுத்து அதே முகத்தோடு எழுந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று போனில் சொன்ன சொந்தக்காரர்கள் வரவில்லை. தும்மல் வருகிற மாதிரி இருக்கிறதே என்று மூக்கைச் சுருக்கி வாயைத் திறந்து நின்றவர்கள், கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

இது எதனால் என்று யாரும் ஜோசியரிடம் போயிருக்க வேண்டியதில்லை. அவர்களே கைதட்டி வாங்கிக்கொண்டதுதான்.

திருச்சி உறையூர்ப் பக்கம் அடிமனை என்றால் எல்லோருக்கும் தெரியும். சுவர் உன்னுடையது, கூரை உன்னுடையது, ஜன்னலும் ஜன்னலில் தொங்குகிற துணியும் உன்னுடையது, அதெல்லாம் நிற்கிற தரை மட்டும் வேறு ஒருவருடையது. அவரிடம் குத்தகை எழுதி வாங்கிக் குடியிருக்கலாம், காலம் முடிகிறபோது போய் நின்று நீட்டித்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும், தரவில்லையென்றால் சுவரையும் கூரையையும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். மாணிக்கம் ஃப்ளாட்ஸின் பன்னிரண்டு வீடுகளும் நின்ற தரை, கோடையில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைப்பதற்காக எந்தக் காலத்திலோ யாரோ ஏற்படுத்திய உலகநாயகி கட்டளைக்குச் சொந்தம். அந்தக் கட்டளையின் பரம்பரை தர்மகர்த்தா சபாநடேசன், சந்துக்கு அந்தப் பக்கம் கட்டளை வீட்டில் தனியாக இருந்தார், மொட்டை மாடியில் நின்றால் அவர் வீட்டு முற்றம் நன்றாகத் தெரியும். குத்தகை முடிய இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி என்று ஆனபோது வங்கிகள் அந்த முகவரியைக் கேட்டதும் தாளை மடித்தன, வீடு வாங்க வந்தவர்கள் மாடிப்படியிலேயே திரும்பினார்கள், பெண் கொடுக்க வந்தவர்கள்கூட மாப்பிள்ளையின் வயதைக் கேட்கிற மாதிரி குத்தகைக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று கேட்டார்கள்.

அதனால்தான் அவரைக் கூப்பிட்டு, கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சால்வை போர்த்தி, பஜ்ஜி கொடுத்துக் கூட்டம் நடத்தினார்கள். சபாநடேசன் பஜ்ஜியைத் தொடாமல் பேசினார்.

"தொண்ணூத்தொன்பது வருஷம் போட்டுத் தரேன். ஒத்தப் பைசா வேண்டாம். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், பூமிக்கு மேல கீழ என்ன இருக்கோ எல்லாத்தையும் நீங்களே ஆண்டு அனுபவிச்சுக்குங்க. ஆகாமி மட்டும் நீங்கலா. அத மட்டும் கட்டளைக்கு நிறுத்திக்கிறேன்."

எல்லோரும் கலியபெருமாளைப் பார்த்தார்கள். கலியபெருமாள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவர் மனைவிகூடக் கேட்டதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"ஆகாமின்னா ஆகாயங்க. பழைய பாஷை. மொட்டை மாடிக்கு மேல இருக்கற எடம். அத தன் கையில வச்சுக்கறாரு. வேற ஒண்ணுமில்ல, செல்போன் டவரு வைக்கலாம்னு பாக்கறாரு."

கூட்டம் பதறிவிட்டது. டவர் வைத்தால் தலைவலி வரும், சிட்டுக்குருவி செத்துப்போகும், குழந்தைகளுக்கு ஆகாது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். வேறு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், டவர் மட்டும் வேண்டாம் என்று ஒருவர் கும்பிட்டே விட்டார். சபாநடேசன் அவர்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"டவரெல்லாம் வைக்க மாட்டேன். இது சத்தியம்."

அப்போதுதான் கைதட்டினார்கள். டவரைத் தடுத்துவிட்ட மகிழ்ச்சியில் கலியபெருமாளுக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள்.

வீட்டைப் பெண்கள் பெயரில் வாங்குவது அந்தக் கட்டடத்தில் வழக்கம், ராசி என்பார்கள். அதனால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டது பன்னிரண்டு பெண்கள். அதில் மூன்றாம் மாடி எழிலரசிக்கு அன்றைக்கு நிறைமாதம். இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்காமல் போய், இனி வேண்டாம் என்று மாமியாரே சொல்லிவிட்ட பிறகு மூன்றாவதாகத் தங்கியது இது. மரத்தடியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, முறை வந்ததும் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தாள். வர வர வெயில் தாங்கவில்லை டீச்சர் என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள். அன்று சாயங்காலத்திலிருந்துதான் அந்தக் கட்டடத்தில் எதுவும் வரவில்லை.

ஆச்சரியப்பட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? ஒரு வாரம் முணுமுணுத்தார்கள், அடுத்த வாரம் பழகிக்கொண்டார்கள். மாவைப் புளிக்க வைக்கத் தில்லை நகரில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்கு ஆட்டோவில் தூக்கு போயிற்று, தூக்கு வந்தது. பூத்த பூவாக வாங்கினார்கள், பழுத்த பழமாக வாங்கினார்கள், உறைந்த தயிராக வாங்கினார்கள், வந்துவிட்டதை மட்டும் வாங்கினால் ஒரு தொல்லையும் இல்லை என்று கண்டுகொண்டார்கள். பிள்ளைகள் வளராததால் போன வருஷத்துச் சீருடையே சரியாக இருந்தது, அம்மாக்கள் சந்தோஷப்பட்டார்கள். மாதவிலக்கு வராத பெண்கள் முதலில் பயந்து, அப்புறம் நிம்மதியாகக் கோயிலுக்குப் போனார்கள். கோபம் வர வேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை, அழுகை வர வேண்டிய இடத்தில் அழுகை வரவில்லை, சங்கக் கூட்டங்கள் கால்மணி நேரத்தில் முடிந்தன. சந்து முனையில் முடிவெட்டுகிறவர் மட்டும் கடையைக் காலி செய்துகொண்டு போனார். வராததைப் பற்றி வெளி ஆட்களிடம் பேசக் கூடாது, வீட்டு மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

எல்லோரையும்விட மகிழ்ந்தவள் ஸ்டெல்லா டீச்சர். அவள் கணவர் அருளப்பன் ரயில்வே பணிமனையில் இருந்தவர், நுரையீரலில் கட்டி. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்திரம் பதிந்த பிறகு எடுத்த படத்தில் கட்டி இருந்த இடத்தில் இருந்த அளவில் நின்றது, அடுத்த மாதப் படத்திலும் அப்படியே நின்றது. இருமல்கூட வரவில்லை. அருளப்பன் காலையில் பேப்பர் வாங்கக் கீழே இறங்கினார், நாலு பேரிடம் பேசினார், மாடியேறி வந்து மீன் குழம்பு கேட்டார். ஸ்டெல்லா டீச்சர் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பதை யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

எழிலரசிக்கு மட்டும் வலி வரவில்லை. நாள் தாண்டியது, வாரம் தாண்டியது. இதயத்துடிப்பு அருமையாக இருக்கிறது, வலி வந்ததும் வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். பிறகு பயந்துபோய் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார். அந்தத் தேதியில் மயக்க மருந்து கொடுக்கிறவர் வரவில்லை, மறு தேதியில் கரண்ட் வரவில்லை, அதற்கடுத்த தேதியில் டாக்டரம்மாவே வரவில்லை. லால்குடியில் அம்மா வீட்டுக்குப் போய் இருந்து பார்த்தாள். கையெழுத்து அவளுடையதாயிற்றே, அங்கேயும் வரவில்லை. உள்ளே குழந்தை புரண்டது, உதைத்தது, விக்கியது, வெளியே மட்டும் வரவில்லை. பத்து மாதம் பதினொன்றாகிப் பன்னிரண்டாகும்போது அவள் புருஷன் குணசீலன், தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் பதிகிறவன், யாரிடமும் அதிர்ந்து பேசாதவன், கலியபெருமாளின் கதவைத் தட்டினான்.

"சார், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு அவர்கிட்டயே கேட்டுருவோம். வாங்க."

எழிலரசியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் கட்டளை வீட்டுக்குப் போனார்கள். வாசலிலேயே புளித்த வாசனை அடித்தது. அண்டா அண்டாவாக மாவு பொங்கி அடுக்களைப் படி தாண்டி முற்றத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. மல்லி கூரையேறிப் பூத்துக் கொட்டியிருந்தது. மாணிக்கம் ஃப்ளாட்ஸுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராத சொந்தக்காரர்கள் எல்லாம், எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் கால் இங்கேதான் கொண்டுவந்து விட்டது என்று சொல்லிக்கொண்டு, கூடத்தில் வரிசையாக இலை போட்டுச் சாப்பிட்டார்கள். நடுவில் கட்டிலில் சபாநடேசன் கிடந்தார். தலைமயிர் தரை தொட்டுச் சுருண்டிருந்தது. ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் இடையில் அழுதார், அழுகைக்கு நடுவில் யார் மீதோ கோபப்பட்டுத் தலையணையைக் குத்தினார், அதற்கெல்லாம் அடியில் ஒரு இருமல் இருந்தது. அந்த இருமலை எதிர்வீட்டுச் சுவர் வழியாகப் பல மாதம் கேட்டிருந்த எழிலரசிக்கு அது யாருடையது என்று உடனே தெரிந்தது.

"ஆகாமின்னா ஆகாயம் இல்லம்மா," என்றார் அவர். "இனிமே வரப்போறது. இந்த மனையில இருக்கறவங்களுக்கு இனிமே என்னென்ன வரப்போகுதோ அவ்வளவும்."

கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எதுக்குய்யா அது உங்களுக்கு?" என்று குணசீலன் கேட்டான். கோபமாகக் கேட்க நினைத்ததுதான், கோபம் வராததால் வழி கேட்கிற குரலில் வந்தது.

"வாரிசு இல்லாத கட்டளை தம்பி. என்னோட போச்சுன்னா பங்காளிங்க தரையை வித்துருவானுங்க, பந்தலும் இருக்காது தண்ணியும் இருக்காது. உங்க பன்னெண்டு வீட்டுல யாருக்காவது ஒரு குழந்தை வராமலா போகும், வர்றது இங்க வரட்டும்னு நெனச்சேன். ஆகாமின்னா நல்லது மட்டும்தான் வரும்னு நெனச்சுட்டேன். அந்த ரயில்வேக்காரர் இருமலும் அதுல சேத்தின்னு எனக்குத் தோணல." அவர் எழிலரசியின் வயிற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. பன்னெண்டு அம்மாமாரும் கையெழுத்துப் போட்டா ரத்து பண்ணலாம். ஒரே பத்திரம், ஒருத்தர் குறைஞ்சாலும் செல்லாது. ரத்து ஆனா வர வேண்டியது அவங்கவங்களுக்குத் திரும்பிரும். குத்தகையும் போயிரும். வீட்டக் காலி பண்ணணும்."

எழிலரசி அன்றைக்கே படியேறத் தொடங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், முதுகுக்குத் தலையணை கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள். பாவம், உன்னை மாதிரி ஒருத்திக்கு இப்படியா என்றார்கள். கையெழுத்து என்றதும் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள், கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

"டீச்சர் முதல்ல போடட்டும்மா. டீச்சர் போட்டா நான் போடாமலா இருக்கப் போறேன்."

டீச்சர் போட மாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். வீடு போகிற பயத்தை அருளப்பனின் கட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு, நல்லவர்களாகவும் இருந்துகொண்டார்கள். ஒருத்தி வீட்டில் பிள்ளைப்பேறு நிற்கிறது, மற்றவர்களுக்குத் தரையைப் பற்றிய கவலை. மனிதர்கள் இப்படித்தான் என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் செய்தது அநியாயம்.

ஸ்டெல்லா டீச்சர் கதவைத் திறந்ததும் எழிலரசி தாளை நீட்டவில்லை. இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு தடவையும் உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான் எழில்," என்றாள் டீச்சர். "ரெண்டு தடவையும் என் மடியிலதான் படுத்திருந்த. நான் மறக்கல."

"தெரியும் டீச்சர்."

"போட்டா இவரு போயிருவாரு."

உள்ளேயிருந்து அருளப்பன் சத்தம் போட்டார். "அந்தத் தாளக் குடு ஸ்டெல்லா. நான் போடறேன். எனக்கு வர வேண்டியது எனக்கு வரட்டும். எவனோ ஒருத்தன் எனக்காக இருமிக்கிட்டுக் கெடக்கான், எனக்கு மீன் கொழம்பு எறங்கல."

"வீடு உங்க பேர்ல இல்ல. சும்மா இருங்க."

டீச்சர் பேனாவை எடுத்தாள். தாளில் வைத்தாள். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை. வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள், ஒரு புள்ளிகூட விழவில்லை.

"கை வர மாட்டேங்குது எழில்."

எழிலரசிக்கு அவளை வெறுக்க வேண்டும் போல இருந்தது, வெறுப்பு வரவில்லை. அழ வேண்டும் போல இருந்தது, அதுவும் வரவில்லை. தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். அதே நேரத்தில் கட்டளை வீட்டில் சபாநடேசன் கட்டிலிலிருந்து எழுந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு காலைவேளையில், மொட்டை மாடிக் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, எழிலரசியின் வயிறு இறங்கியது. வலியில்லை, ரத்தமில்லை, கையிலிருந்த ஈரத் துண்டு கையிலேயே இருந்தது, சேலைக் கொசுவம் மட்டும் தளர்ந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் ஒரு குழந்தை வீரிட்டது. அவள் படியிறங்கிச் சந்தைத் தாண்டி ஓடியபோது சபாநடேசன் வெள்ளைத் துணியில் சுற்றிய பெண் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எலும்பும் தோலுமாக நின்றார்.

"வந்துட்டாம்மா," என்றார். அழுதார். அது அவள் அழ வேண்டிய அழுகை.

குழந்தையைக் கொடுக்க மறுக்கிறார்கள் என்று போன போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நல்லவர்தான், முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, குழந்தை பிறந்த இடம் எது என்று கேட்டார். கட்டளை வீடு என்றார்கள். அங்கே பிறந்த குழந்தையை அங்கேயிருந்து எடுத்துத் தரச் சொல்கிறீர்களா என்றார். நீங்களாகத் தூக்கிக் கொடுத்தீர்களா, அவர்கள் திருடிக்கொண்டு போனார்களா என்றார். இரண்டும் இல்லை. அதற்குமேல் எழுத அவரிடம் எதுவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சபாநடேசன் அருளப்பனின் இருமலோடு இறந்துபோனார். அருளப்பன் பாடைக்குப் பின்னால் இடுகாடு வரைக்கும் நடந்துபோய், தனக்கு வெட்டிய குழியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வந்து, மூன்று நாள் பேப்பர் வாங்கக் கீழே இறங்கவில்லை. குழந்தைக்கு உலகநாயகி என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த தர்மகர்த்தா அவள்தான் என்று கட்டளைக் கணக்கப்பிள்ளை எழுதி வைத்தார். பங்காளிகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள்.

எழிலரசி மொட்டை மாடியைவிட்டு இறங்கவில்லை. அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். குழந்தையின் மயிர் ஒரு வாரத்தில் முழங்கால் தொட்டது. பன்னிரண்டு வீட்டுத் தும்மலும் அந்தச் சின்ன மூக்கில் வந்தது. கலியபெருமாள் பால்காரனிடம் கோபப்பட வேண்டிய நேரத்தில் தொட்டிலில் அந்தப் பிஞ்சுக் கை இறுகிக் காற்றைக் குத்தியது. மார்கழிப் பனியில் தெருவெல்லாம் காய்ச்சல் பரவி, வீட்டுக்கு இருவர் என்று படுத்துக் கிடந்தபோது, மாணிக்கம் ஃப்ளாட்ஸில் ஒருவருக்கும் வரவில்லை. முற்றத்துத் தொட்டிலில் குழந்தை விறைத்து விறைத்து விழுந்தது. ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒரு காய்ச்சல் விட்டதும் அடுத்தது ஏறியது, ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டியதாக. ஒருநாள் அது காலையிலிருந்து விக்கி விக்கி அழுதது, கீழே ஆயாக்கள் பசி என்றார்கள், வயிற்றுவலி என்றார்கள். தான் அதை நினைத்து ஏங்குகிற ஏக்கம்தான் அங்கே அழுகிறது என்று எழிலரசி புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து ஏங்காமல் இருக்கப் பழகினாள். பெற்றவளுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தை பிறந்ததும் கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பினார். தர்மகர்த்தா மாறியதால் குத்தகையைப் புது தர்மகர்த்தாவோடு புதுப்பிக்க வேண்டும், பன்னிரண்டு பேரும் வர வேண்டும். வெறும் சம்பிரதாயம் என்றார் கலியபெருமாள். அர்த்தம் தெரிந்த பிறகும் அவர்கள் தட்டில் பழம், வெற்றிலை, சர்க்கரை வைத்துக்கொண்டு, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனார்கள். கூடத்தில் பலகை போட்டு, பலகையில் பட்டு விரித்து, ஆயாவின் மடியில் அடிமனைக்காரி கிடந்தாள். கட்டை விரலில் மை தடவியிருந்தது. ஒவ்வொருத்தியும் கையெழுத்துப் போட்டதும் கணக்கப்பிள்ளை அந்த விரலைப் பிடித்துப் பக்கத்தில் ஒற்றினார். ஸ்டெல்லா டீச்சர் குழந்தையைப் பார்க்காமல் போட்டாள். இந்தத் தடவை கை வந்தது.

கடைசியாக எழிலரசி. குழந்தையை முதல்முறையாக அத்தனை பக்கத்தில் பார்த்தாள். நெற்றியில் குணசீலனின் சுழி இருந்தது. உடம்பு கொதித்தது.

"டீச்சர்," என்றாள் திரும்பாமல். "சாருக்கு வர வேண்டியது பெரியவருக்குப் போச்சு. இனிமே இங்க யாருக்காவது அப்படி ஒண்ணு வந்தா, அது யாருக்குப் போகும்?"

ஸ்டெல்லா டீச்சர் தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்து அடுக்கினாள்.

"நான் போடலைன்னா என்ன ஆகும்?" என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டாள்.

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "குத்தகை இன்னையோட முடிஞ்சுதும்மா. வரப்போறது அவங்கவங்களுக்குத் திரும்பிரும். எல்லாரும் காலி பண்ணணும்."

"இவ?"

"வந்தது வந்ததுதான். இது கட்டளைக் குழந்தை. குத்தகைதாரர் இல்லேன்னா நீங்க இந்த வாசல்படி ஏறவும் முடியாது." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "போட்டீங்கன்னா, ஆயா வேலைக்கு ஆள் தேடிட்டு இருக்கோம். நீங்களே வந்து இருந்துக்கலாம். ராத்திரி பகலா மடியில வச்சுக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"போட்டுரு எழில்," என்றான் பின்னால் நின்ற குணசீலன். "தெனமும் பாத்துக்கலாம். அது போதும் நமக்கு. போட்டுரு."

எழிலரசி பேனாவை வாங்கினாள். பிறகு அதைத் தாளில் வைக்காமல் கீழே வைத்துவிட்டு, முந்தானையை நாக்கில் நனைத்து, குழந்தையின் கட்டை விரலில் இருந்த மையை மெதுவாக, ரேகை தெரிகிற வரைக்கும் துடைத்தாள்.

"நான் போடல," என்றாள்.

உடனே எல்லோருக்கும் எல்லாம் வந்தது. தும்மல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெடித்தன, எத்தனையோ மாதக் கோபம் மொத்தமாக வந்தது, வந்த கோபம் அவள் மீதுதான் வந்தது. பாவி, எங்களைத் தெருவில் நிறுத்திவிட்டாயே என்று கத்தினார்கள். தாம்பாளம் கவிழ்ந்தது, ஒருத்தி அவள் தலைமயிரைப் பிடித்தாள், கலியபெருமாள் அவளைத் தள்ளிக்கொண்டே வாசலுக்குக் கொண்டுவந்தார். ஸ்டெல்லா டீச்சர் கூடத்திலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குணசீலன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். மடியில் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த ஆயா, சூடு இறங்கிவிட்டது என்று யாரிடமோ சொன்னாள். கணக்கப்பிள்ளை எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பெரிய கதவை இழுத்துத் தாழ் போட்டார்.

சந்தில் கூச்சலுக்கு நடுவில் எழிலரசி நின்றாள். ஒரு வலி அடிமுதுகிலிருந்து கிளம்பி, முன்னால் வந்து, அவளை இரண்டாக மடக்கி உட்கார வைத்துவிட்டுப் போனது. எழுந்தபோது ரவிக்கை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தாள், வியர்வை இல்லை. பால் இரண்டு பக்கமும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. முந்தானை தாண்டிச் சொட்டியது.

கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. இதுவரை அழுததெல்லாம் மற்றவர்களுடையது, இது அதனுடைய சொந்தப் பசி. எழிலரசி கதவைத் தட்டினாள், உள்ளேயிருந்து யார் என்று கேட்டார்கள், என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.